கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு

மல்லாங்கிணற்றைச் சுற்றி, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்குமாகப் பரந்து கிடக்கும் மானாவாரிக் காடுகளில், புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கிற சம்சாரிக்குப் பூச்சிமருந்து தவிர்க்க முடியாத துணையாகிவிட்டது; தெளித்தது போக எஞ்சிய மருந்தை வைக்கத் தனியிடம் இல்லாத வீட்டில் அது அடுப்படி மாடத்திலோ கட்டிலுக்கடியிலோ கிடக்க, கண்டதையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கும் குழந்தையும் அங்கேயேதான் தவழ்ந்து விளையாடுகிறது.

பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமப் பள்ளியில், 2013 ஜூலை 16 அன்று, மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். மருந்திருந்த டப்பாவில் எண்ணெய் வைப்பதும், குளிர்பானப் பாட்டிலில் மருந்தையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி வைப்பதும் எத்தகைய விபரீதத்துக்கு வழி என்பதற்கு இதனினும் கொடிய சாட்சியம் வேண்டியதில்லை.

மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்து உடலில் சேர்ந்தால் கண்மணி சுருங்கி, எச்சிலும் வியர்வையும் பெருகி, தசைகள் துடித்து, இறுதியில் சுவாசமே தடைப்படும். அட்ரோபின் ஊசியும், தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசமும் தக்க தருணத்தில் கிடைத்தால் அந்நிலையிலிருந்தும் குழந்தைகள் மீள்கிறார்கள். அந்தத் தருணத்தைத்தான் நாம் உப்புக் கரைசலும் சோப்புத் தண்ணீரும் சாணிக் கரைசலும் புகட்டி வீணாக்குகிறோம். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைத்தால் அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்து, வயிற்றில் இருந்ததைவிடப் பெருந்தீங்கு செய்யும்.

எலி பேஸ்டில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸோ வஞ்சக குணம் உடையது. முதல் நாள் வாந்தி நின்று, குழந்தை தெளிந்துவிட்டதென்று பெற்றோர் ஆறுதல் அடைந்திருக்கும்போதே அது கல்லீரலைச் சிதைத்துக்கொண்டிருக்கும். ஆகையால் மருத்துவர் அனுமதிக்கும் வரை குழந்தையை வீட்டுக்கு அழைத்துப் போகலாகாது.

குழந்தை எதையேனும் விழுங்கிவிட்டதென்ற சந்தேகம் எழுந்த உடனேயே 108-ஐ அழையுங்கள். வாய்வழி எதையும் புகட்டாதீர்கள். மேலே சிந்தியிருந்தால் உடையைக் களைந்து நீரால் கழுவுங்கள். புட்டியையும் கையோடு கொண்டு செல்லுங்கள், ஏனெனில் அதன் லேபிளில்தான் மருந்தின் பெயரும், மாற்று மருந்தும், விஷத்தின் கடுமையை உணர்த்தும் வண்ண முக்கோணமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றுள் சிவப்பே மிகக் கொடியது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கலந்து பேசலாம்.

போலீஸ் விசாரணை வருமென்று அஞ்சி உண்மையை மறைப்போர் உண்டு. எந்தச் சட்ட நடைமுறையையும் காரணம் காட்டி உயிர்காக்கும் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 1989-இல், பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. மனவேதனையில் விஷம் அருந்திய வளரிளம் பிள்ளையையும் குற்றவாளியாகக் கருத வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115-ஆம் பிரிவில் அத்தகையோரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கொண்டு, பராமரிப்பையும் சிகிச்சையையும் அரசின் கடமையாக்குகிறது. மதிப்பெண்ணையோ காதலையோ சொல்லி ஏசுவதை விடுத்து, உயிர் பிழைத்த பிள்ளையிடம் பரிவோடு பேசுங்கள். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

தமிழக அரசு 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மஞ்சள் பாஸ்பரஸ் எலிமருந்தை நிரந்தரமாகவும், ஆறு பூச்சிமருந்துகளை 60 நாட்களுக்கும் தடை செய்தது. அந்தப் பூச்சிமருந்துகளுக்கு நீண்டகாலத் தடை விதிக்க மத்தியச் சட்டம் மாநிலங்களுக்கு இடந்தருவதில்லை. கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் படிப்படியாக விலக்கிய இலங்கையில் தற்கொலை விகிதம் பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்பதை நம் ஆட்சியாளர்கள் சிந்திக்க வேண்டும்.

தடை செய்யப்பட்ட எலி பேஸ்ட் எந்தக் கடையிலேனும் விற்கப்படக் கண்டால் வேளாண்மை அலுவலகத்திலும், திங்கட்கிழமைதோறும் கலெக்டர் நடத்தும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுங்கள். அதற்கும் முன்பாக, இன்றே உங்கள் வீட்டு மருந்தையெல்லாம் ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டி, சாவியைப் பிள்ளைகள் அறியாத இடத்தில் வையுங்கள்.