‘அவர் என் போனை செக் பண்றார்... இது தப்பா?’ - குடும்ப வன்முறையில் ஏஐ சாட்பாட் எந்த அளவுக்கு உதவும்?

இந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்டால், ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போ’ என்று பதில் வரலாம். தோழியிடம் சொல்லக் கூச்சம். போலீஸுக்குப் போகும் அளவுக்கு இது பெரிய விஷயமா என்ற குழப்பம் வேறு. ஆனால், சாட்பாட் எதற்கும் முகம் சுளிக்காது. ஊர் முழுக்கச் சொல்லவும் சொல்லாது. நள்ளிரவிலும் பதில் தரும். அப்படியென்றால் அதை நம்பலாமா?

ஏன் இந்தத் தேவை?

தமிழ்நாட்டில் திருமணமான 18-49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள் என்கிறது 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில், இந்திய அளவில் 77 சதவீதம் பேர் உதவி தேடவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. இந்த மௌனத்தில்தான் சாட்பாட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது.

யார் முயன்றார்கள்?

2018 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் ‘ரெயின்போ’ என்ற சாட்பாட் அறிமுகமானது. இந்தியாவில் பிறந்த கிருத்தி சர்மாவின் ‘ஏஐ ஃபார் குட்’, சேஜ் அறக்கட்டளை, சோல் சிட்டி இன்ஸ்டிடியூட் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய இது, ஃபேஸ்புக் மெசஞ்சரில் இயங்கியது. தனக்கு நடப்பது வன்முறைதானா என்று ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது.

2021-ல் சுவிட்சர்லாந்தின் ‘ஸ்பிரிங் ஆக்ட்’ அமைப்பு ‘சோஃபியா’வைக் கொண்டுவந்தது. தனியாக ஆப் எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, பிரவுசரிலேயே பேசலாம். காயங்களின் படம், மிரட்டல் மெசேஜ் போன்ற ஆதாரங்களைத் தன் போனில் வைக்காமல் வேறிடத்தில் பத்திரப்படுத்தவும் அது வழி செய்தது.

எல்லா சாட்பாட்டும் ஒன்றா?

இல்லை. சில சாட்பாட்கள் நிபுணர்கள் முன்கூட்டியே எழுதிவைத்த பதில்களை மட்டுமே தரும். சாட்ஜிபிடி போன்றவை பதிலை அந்த நேரத்திலேயே உருவாக்கும். தவறான தகவலைக்கூட உறுதியான தொனியில் சொல்லிவிடும்.

2023-ல் அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறு சங்கம் மனிதர்கள் நடத்திவந்த ஹெல்ப்லைனை மூட முடிவெடுத்தது. அந்த நேரத்தில் அது முன்னிறுத்திய ‘டெஸ்ஸா’ சாட்பாட், உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கே எடை குறைக்க யோசனை சொன்னது. புகார் எழுந்ததும் டெஸ்ஸா நிறுத்தப்பட்டது. குடும்ப வன்முறையில் ‘உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள்’ என்ற சாதாரண யோசனைகூட சில வீடுகளில் அடியில் போய் முடியும்.

சட்டம் விஷயத்திலும் கவனம் தேவை. வெளிநாட்டுச் சட்டத்தை சாட்பாட் நம் ஊர்ச் சட்டம்போல விளக்கிவிடலாம். இந்தியாவின் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையை மட்டும் பேசவில்லை. மனரீதியான துன்புறுத்தல், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது ஆகியவையும் அதில் வரும். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண்ணும் பாதுகாப்பு கோரலாம். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு.

போனே அவர் கையில் இருந்தால்?

இதுதான் பெரிய ஆபத்து. உதவி கேட்ட தடயம் கணவரின் கண்ணில் பட்டால் வன்முறை இன்னும் கூடலாம்.

- இன்காக்னிட்டோவில் தேடினால் பிரவுசர் ஹிஸ்டரியில் பதிவாகாது. ஆனால், போனில் உளவு ஆப் இருந்தால் அதிலிருந்து தப்ப முடியாது.
- வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியைப் பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால், உங்கள் சாட்டை வேறு யாரோ படிக்கிறார்கள் என்று அர்த்தம்.
- எல்லாவற்றையும் ஒரே நாளில் அழித்தாலோ, பாஸ்வேர்டை மாற்றினாலோ சந்தேகம் வரலாம். முடிந்தால் ஆபீஸ் தோழியின் போனைப் பயன்படுத்துவது நல்லது.
- சாட்பாட்டில் பெயர், முகவரி, குழந்தையின் பள்ளி போன்ற விவரங்களைத் தர வேண்டாம்.

அப்போ எதற்குப் பயன்படுத்தலாம்?

நடந்ததைத் தேதிவாரியாக எழுதிப் பார்க்க, வக்கீலிடம் என்ன கேட்கலாம் என்று பட்டியல் போட, ‘இது என் தப்பில்லை’ என்று தெளிவு பெற உதவும். வீட்டை விட்டு எப்போது வெளியேறுவது, புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் மனிதர்களிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

181 மகளிர் உதவி எண். ஆபத்து நெருங்கிவிட்டால் 112. இலவசச் சட்ட உதவிக்கு 15100. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இந்த உரிமை உண்டு. தங்குமிடம், சிகிச்சை, கவுன்சலிங் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க அரசின் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன.

முதல் கேள்விக்கு வருவோம். அனுமதியில்லாமல் தொடர்ந்து போனைச் சோதிப்பதும், யாரிடம் பேசலாம் என்று கட்டுப்படுத்துவதும் பாசம் இல்லை. வன்முறையின் எச்சரிக்கை அறிகுறிகள். இதை ஒரு சாட்பாட் சொல்லித் தெரிந்துகொண்டாலும் நல்லதுதான். ஆனால், அடுத்த பேச்சு 181-ல் இருக்கட்டும். இந்த எண்களை போனில் சேமிப்பதைவிட, மனப்பாடம் செய்துகொள்வது பாதுகாப்பானது.