“கன அடின்னா இன்னாக்கா?”

திருவக்கரைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு காலனியில் மாலை வகுப்பு நடத்தும் தங்கையிடம் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி இது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு வரும் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார் அவர். சிறுமிக்குச் சூத்திரம் தெரியும். ஏன் மூன்றையும் பெருக்க வேண்டும், பெருக்கி வரும் அந்தக் ‘கன அடி’ எங்கே இருக்கிறது, அதைக் கையில் பிடிக்க முடியுமா என்பதுதான் அவள் கேட்டது. “எனக்கும் சூத்திரம்தான் தெரியும் தோழர். வீட்டுக்குப் போயும் தூக்கம் வரல” என்று அந்த வார இறுதியில் எங்களிடம் வந்து நின்றார்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோன நேரத்தில் தமிழக அரசு கொண்டுவந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கி வைத்தது நம் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், பிள்ளைகள் குடியிருக்கும் இடத்திலேயே வகுப்பு. நடத்துபவர் அந்தப் பகுதித் தன்னார்வலர். மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய்.

அந்த ‘குடியிருக்கும் இடத்திலேயே’ என்பதை ஊர்த்தெருக்காரர்கள் சாதாரணமாகக் கடந்து போகலாம். நம்மால் முடியாது. காலனியில் வகுப்பு என்றால் காலனிப் பெண்தான் ஆசிரியர். பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எத்தனையோ தங்கைகள் சாக்பீஸ் பிடித்தது இப்படித்தான். அம்பேத்கர் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, கணக்குப் போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று மற்ற மாணவர்கள் ஓடிப்போய் எடுத்தார்கள். அந்தப் பலகை இன்று நம் தெரு வேப்பமரத்தில் மாட்டியிருக்கிறது. அதன் முன்னால் நிற்பதும் நம் பெண். இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நிற்கவைத்துவிட்டால் போதுமா? சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

சாவித்ரிபாய் புலேவைப் பற்றிப் பேசும்போது அவர் மீது எறியப்பட்ட சாணியையும் கல்லையும் சொல்கிறோம். அவர் ஆசிரியர் பயிற்சி பெற்றுவிட்டு வகுப்பறைக்குள் போனவர் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. புலே தம்பதியர் 1855இல் உழைப்பாளிகளுக்காக இரவுப் பள்ளியும் நடத்தினார்கள். மாலை வகுப்பு என்பது நமக்குப் புதிதில்லை. அதில் பாடம் எடுப்பவரைத் தயார்செய்வதைத்தான் இன்றுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் பார்த்த பயிற்சிகள் பெரும்பாலும் ஒரே அச்சு. ஒரு கூடம், ஒரு திரை, அதில் ஓடும் காணொளி. தேநீர் நல்லா இருக்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. தன்னார்வலர் கையால் ஒரு பொருளைத் தொட்டு, செய்து, தப்பாகி, மறுபடி செய்து பார்ப்பதற்கு அங்கே நேரம் இருக்காது. அறிவியலும் கணக்கும் கேட்டு வரும் பாடங்கள் அல்லவே. பேருந்து வராத ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு அந்த 1,000 ரூபாயிலிருந்துதான் போகிறது.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2022 நவம்பரில் திருச்சி காட்டூர் ஆதிதிராவிடர் நலப் பெண்கள் பள்ளியில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’ சோதனைக் கருவிகளைப் பள்ளிக்கே கொண்டுபோகும் நல்ல ஏற்பாடு. 13,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 710 கருத்தாளர்கள். வகுத்துப் பாருங்கள், ஒருவருக்கு 18 பள்ளிக்கு மேல். அவர் வந்து போன மறுநாள் முதல் அடுத்த முறை வரும்வரை பிள்ளையின் கேள்விக்கு யார் இருக்கிறார்? மாலை வகுப்புத் தங்கைதான்.

மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாதில் 1972இல் வெறும் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் உட்கார்ந்து, பிள்ளைகள் செய்ய வேண்டிய ஒவ்வொரு சோதனையையும் தாங்களே செய்து பார்த்தார்கள். அதோடு விடவில்லை. மாதம் ஒரு முறை பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடி, எது ஓடியது, எது ஓடவில்லை என்று பேசினார்கள். பிள்ளைகள் ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்கலாம், பதில் வரும். சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியும் வைத்து அரவிந்த் குப்தா வடிவியல் உருவங்கள் செய்யத் தொடங்கியதும் அந்தச் சூழலில்தான். முப்பது ஆண்டுகள் ஓடிய திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. நல்லது நிற்பதற்கு நம் நாட்டில் பெரிய காரணம் தேவைப்படுவதில்லை.

அந்த மாதக் கூட்டத்தைத்தான் நாங்கள் கடன் வாங்கினோம். இரண்டாம் சனிக்கிழமை, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. ஏழெட்டுத் தங்கைகள், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர், தமிழ் முதுகலை படித்துவிட்டுக் கணக்கென்றாலே ஓடும் நாங்கள். முதல் விதி, ‘எனக்குத் தெரியலை’ என்று சொல்லலாம். இந்த ஒரு வரியைச் சொல்வதற்கே சிலருக்கு மூன்று மாதம் ஆனது. தெரியாது என்று சொன்னால் “கோட்டாவுல படிச்சதுதானே” என்ற குத்தலைக் கல்லூரியில் கேட்டுக் கேட்டுக் காய்ந்துபோனவர்கள் அவர்கள். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இதற்கு ஒரு பக்கம் இல்லை.

கன அடிக் கேள்வி வந்த கூட்டத்தில் ஆசிரியர் விடை சொல்லவில்லை. பழைய அட்டைப் பெட்டிகளையும் கத்தரிக்கோலையும் கொடுத்தார். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். “இதோ, இதுதான் ஒரு கன அடி. கையில பிடிங்க” என்றார். அப்படிப் பன்னிரண்டு செய்து தரையில் மூன்றுக்கு நான்காக அடுக்கினோம். மேலே இன்னோர் அடுக்கு வைத்தால் 24. ஏன் பெருக்குகிறோம் என்று நாற்பது வயதுக்கு மேல் எங்களுக்கும் விளங்கியது.

தங்கை பெட்டிகளோடு காலனிக்குத் திரும்பினார். அங்கே பாதிப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கல்குவாரியிலும் கிரஷரிலும்தான் வேலை. கல்மரப் பூங்காவில் சுமார் 2 கோடி ஆண்டு பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ பேருந்தில் வருகிறார்கள். பக்கத்திலேயே பிறந்த இந்தப் பிள்ளைகளுக்குக் கல் என்றால் ஜல்லி, ஜல்லி என்றால் யூனிட். ஒரு யூனிட் 100 கன அடி. அம்மாக்களுக்கு ஏற்றுக்கூலி யூனிட் கணக்கில்.

சிறுமி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் நின்ற டிராக்டர் பெட்டியை அளந்தாள். நீளம் 10 அடி, அகலம் 6, உயரம் 2. மொத்தம் 120 கன அடி. அம்மாவுக்குக் கூலி ஒரு யூனிட்டுக்குத்தான். நோட்டில் இன்னும் ஒரு வரி எழுதியிருந்தாள்: “அஞ்சு நடை ஏத்துனா ஒரு யூனிட் சும்மா.”

அந்த நோட்டு தெருவெல்லாம் சுற்றியது. பெண்கள் சேர்ந்துபோய்க் கேட்டார்கள். இரண்டாம் நாள் மேஸ்திரி வகுப்புக்கே வந்தார். “ஏம்மா, பாடம் நடத்துறதோட நிறுத்திக்க. டேப்பு புடிக்கிற வேலையெல்லாம் உனக்கு எதுக்கு?” பிள்ளைகள் முன்னால்தான் சொன்னார். அவர் ஊர்த்தெருக்காரர், தங்கையின் அப்பாவும் அவரிடம்தான் வேலை செய்கிறார். இரண்டு நாள் வகுப்பு நடக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மாக்களே பலகையைக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

அன்று எங்களால் அவருக்கு எந்த யோசனையும் சொல்ல முடியவில்லை. கூடப் போய் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். அறிவியல் கற்றுக்கொடுப்பவருக்கான பயிற்சி என்றால், அறிவியல் உண்மையாகவே பிடிபட்ட பிறகு தெருவில் என்ன நடக்கும் என்பதற்கும் சேர்த்துத்தான் தயாராக வேண்டும். வட்டார வள மையம் மாதம் ஒரு நாள் இவர்களைக் கூட்டி, பயணப்படி கொடுத்து, தாங்களே செய்து பார்க்கப் பொருள்களும் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? இத்தனை ஆண்டு வகுப்பெடுத்த அனுபவத்தை அரசு வேலைக்கான தேர்வுகளில் ஏதோ ஒரு மதிப்பெண்ணாகவாவது கணக்கில் எடுக்கக் கூடாதா? மாவட்டக் கல்வி அலுவலர்களிடம் இந்த இரண்டையும் எழுத்தில் கொடுக்கப் போகிறோம். இதைப் படிக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்.

குவாரியில் இப்போது யூனிட் கணக்கு கிடையாது. எடை மேடையில் ஏற்றி டன் கணக்கில் கூலி போடுகிறார்கள். இந்த இரண்டாம் சனிக்கிழமைக்குத் தங்கை கேட்டிருக்கும் பாடம், அடர்த்தி.