கசியிழையக் கட்டிகள்: பெயரிடலின் பிரச்சினை

ஒரு பொருளுக்குப் பெயரிடுவது அதனைப் பற்றித் தீர்ப்பு வழங்குவதுமாகும். இலக்கிய ஆய்வில் நாம் நன்கறிந்த இவ்வுண்மை, மருத்துவத்தில் ஒருவரது காலையோ உயிரையோ தீர்மானிப்பதாக அமைந்துவிடுகின்றது. கைகால் என்புகளிலே தோன்றும் கசியிழையக் கட்டிகள் இதற்குத் தக்க சான்றாகும். கசியிழையமெனும் இதனையே தமிழகத்தார் குருத்தெலும்பு என்பர்.

இக்கட்டிகளுள் என்கொண்ட்ரோமா தீங்கற்றது, கொண்ட்ரோசார்கோமா புற்றுநோய். எக்ஸ்-கதிர்ப் படத்தில் இரண்டுமே வளையங்களும் விற்களும் போன்ற சுண்ணப் படிவுகளைக் காட்டக்கூடும். நுணுக்குக்காட்டியின் கீழும் தாழ்தரப் புற்றினைத் தீங்கற்ற கட்டியினின்று பிரித்தறிதல் கடினம். 2007 இல் வெளியான ஓர் ஆய்வில், துறைவல்ல மருத்துவர்களே ஒரே கட்டியின் தரங்குறித்துத் தம்முள் பெரிதும் வேறுபட்டனர்.

அவ்வாறாயின் வேறுபடுத்துவது எங்ஙனம்? அயல்மூட்டின் நோயால் விளக்கவியலாத, இரவிலும் ஓயாத வலி. வளர்ந்தோரிற் கட்டி மேலும் பெருத்தல். நீள் என்பின் புறணி உட்புறமாக மூன்றிலிரண்டு பங்குக்கு மேல் அரிக்கப்படல். புறணியை உடைத்து மென்னிழையத்துட் பரவுதல் ஆகியன தீங்கின் அறிகுறிகள். இவற்றோடு கட்டியின் இடமும் முக்கியமானது. விரலென்பிற் கலங்கள் செறிந்து காணப்படினும் அது பெரும்பாலும் தீங்கற்றதே. அதே தோற்றம் தொடையென்பில் ஐயத்துக்குரியது. இடுப்பென்பிலோ புற்றுநோயெனக் கொள்ளத்தக்கது. சூழலினின்று பிரித்தெடுத்த சொல்லைப் போலவே, உடலினின்று பிரித்தெடுத்த இழையத்துண்டும் முழுப்பொருள் தருவதில்லை. எனவே நோயாளியின் கூற்று, கதிர்ப்படம், இழையப் பரிசோதனை மூன்றையும் ஒருங்கு வைத்தே முடிவு காணல் வேண்டும்.

இதனை உணர்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, 2013 இல் முதற்றரக் கொண்ட்ரோசார்கோமாவுக்கு ‘இயல்பு பிறழ்ந்த கசியிழையக் கட்டி’ எனும் பெயரையும் வழங்கிற்று. 2020 இல் அப்பெயர் கைகால் என்புகளுக்கே உரியதாயிற்று. இடுப்பு, முள்ளந்தண்டு முதலியவற்றில் பழைய பெயரே நிலைத்தது. இது வெறுஞ் சொல்மாற்றமன்று. கைகாலில் இக்கட்டி பிற உறுப்புகளுக்குப் பரவுதல் மிக அரிது. ஆகவே என்பையே அகற்றாது சுரண்டியெடுத்தல் பலருக்குப் போதுமானதாகின்றது.

எனினும் ஐயத்துக்குரிய கட்டியைக் காலந்தோறும் படமெடுத்து ஒப்பிடல் வேண்டும். தனியார் நிலையத்திற் கட்டணஞ் செலுத்த வல்லார்க்கு இது எளிது. ஒருநாட் கூலியை இழந்து மலையகத்திலிருந்து கொழும்புக்கு வரும் தொழிலாளிக்கோ ‘காத்திருந்து பார்ப்போம்’ என்பதே பெருஞ்சுமை. தம் கையிலுள்ள ஆங்கில அறிக்கையை அவர் வாசிக்கவும் இயலாது. 1847 இல் இலங்கை வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார்; மருத்துவ நூல்களையுந் தமிழாக்கினார். அம்மரபு இன்று நோயாளியின் கையிலுள்ள அறிக்கைவரை வருதல் வேண்டும். தம் உடலைப் பற்றிய தீர்ப்பைத் தம் மொழியில் அறிதல் சலுகையன்று, உரிமையாகும்.