நூலக நிழற்படங்களை எண்ணிமமாக்கல்: திட்டமும் பொருளும்

பழைய ஏடு சிதையுமுன் அதனைப் புதிய ஏட்டிற் படியெடுத்து வைத்தல் நம் முன்னோர் வழிவழியாகக் கைக்கொண்ட வழக்கமாகும். படியெடுப்பாரின்றி அழிந்த நூல்கள் பல. எஞ்சிய ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அச்சேற்றிய பெரியோருள் சிறுப்பிட்டியில் 1832 ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தலைசிறந்த ஒருவர். கலித்தொகை 1887 ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் அச்சு வடிவம் பெற்றமை அறிஞர் அறிந்ததே. அன்று ஏடுகளுக்கு இருந்த இடர் இன்று நம் கல்லூரி நூலகத்து நிழற்படங்களுக்கு வந்துள்ளது. அவற்றை எண்ணிமமாக்குதற்குத் திட்டமிடும் முறையையும், அதற்கு வேண்டிய பொருளை ஈட்டும் வழியையும் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணிமமாக்கலாவது, ஸ்கானர் என வழங்கும் வருடியினாற் படத்தின் ஒளியையும் நிறத்தையும் புள்ளி புள்ளியாக அளந்து, எண்களாக்கிக் கணினியிற் சேமித்தலாம். எண்களாக மாறிய படத்தை எத்தனை முறை படியெடுப்பினும் மங்குவதில்லை. ஒரு படியை யாழ்ப்பாணத்திலும், மற்றொன்றைக் கொழும்பிலும், வேறொன்றைக் கடல் கடந்தும் வைத்தல் கூடும். இதன் அருமை நமக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதனவும் இருந்தன. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சுவர்களிலும் பெட்டிகளிலும் விட்டுச்சென்ற படங்களுக்குக் கணக்கில்லை. ஓரிடத்தில் ஒரே படி என்பது காப்பாகாது.

எனினும், படத்தைப் படியெடுத்தல் மாத்திரம் போதுமோ? நம் நூலக அலுமாரியிற் குழுப்படம் ஒன்று உளது. மாணவர் இருபத்துமூவர்; பின்புறத்தில் ஓர் எழுத்தும் இல்லை. எண்பது வயது கடந்த பழைய மாணவர் ஒருவரிடம் அதனைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, அரைமணி நேரத்தில் பதினேழு பெயர்களைச் சொன்னார். யார் எவ்வூரார், யார் விடுதியில் இருந்தவர் என்பனவும் சொன்னார். “மிச்சப் பேரை நினைச்சு வைக்கிறன், அடுத்த கிழமை வாரும் தம்பி” என்றார். வேலைப்பளுவினால் நான் போனது ஒரு மாதம் கழித்து. அவருடைய அந்தியேட்டிக்கே போக நேர்ந்தது. எஞ்சிய அறுவரின் பெயர்களை அறிவார் எவரையும் இன்றுவரை காணேன். தாள் இன்னும் இருபது ஆண்டு இருக்கலாம். வருடியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். முதியோர் நினைவு அவ்வாறு காத்திராது. ஆதலின் திட்டத்தின் காலத்தையும் பொருளையும் வகுக்கும்போது பெயரறிதலுக்கே முதலிடம் தருதல் வேண்டும்.

திட்டத்தின் முதற்படி கணக்கெடுப்பு. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் இட்டு, அளவு, ஏறத்தாழ எக்காலத்தது, இன்றைய நிலை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். பூஞ்சணம் பிடித்தனவும் பூச்சி அரித்தனவும் முன்வரிசைக்கு உரியன. சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தெடுக்க முயலுதல் ஆகாது; படலம் உரிந்துவிடும். அதனைக் கண்ணாடியோடே படியெடுத்தல் நன்று.

இரண்டாவது பெயரறிதல். இதற்கு வருடியும் வேண்டியதில்லை. கைப்பேசியினால் எடுத்த படியைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் இட்டு, முதியோர் இல்லந்தோறும் கொண்டுசெல்லலாம். பழைய கல்லூரி மலர்களில் அச்சான படங்களின் அடியிற் பெயர்கள் வரிசையாக இருக்கும். 2005 ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்திற் பாடசாலை மலர்கள் பல இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றையும் ஒப்புநோக்குதல் பயன்தரும். ஒரே முகத்துக்கு இருவர் இரு பெயர் சொல்லின் ஒன்றைத் தள்ளிவிடல் ஆகாது. ஏடு பதிப்பித்தோர் பாடபேதங்களை அடியிற் குறித்தது போல, இரு பெயரையும், சொன்னவர் யார், எந்நாளிற் சொன்னார் என்பதையும் குறித்தல் வேண்டும்.

மூன்றாவது வருடுதல். தாட்படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வருடுதல் பொதுவாகப் போதுமானது. நான்கு அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் உள்ள படம் 2,400 × 3,600 புள்ளிகளாகும். நிறத்தோடு சேமிப்பின் ஏறத்தாழ 26 மெகாபைற் இடங்கொள்ளும். இவ்வளவிற் படங்கள் 2,000 இருப்பின் 52 ஜிகாபைற் வேண்டும். மூலக்கோப்பைச் சுருக்கம் செய்யாத ரிஃப் வடிவில் வைத்து, பார்வைக்கும் அனுப்புதற்கும் சிறிய ஜேபெக் படிகளை எடுத்தல் முறையாம். கோப்பின் பெயர் பதிவேட்டு எண்ணோடு ஒத்திருத்தல் அவசியம்.

நான்காவது காப்பு. மூன்று படிகள், இரு வகைச் சாதனங்களில், ஒன்றாயினும் வேறோர் ஊரில் என்பது இத்துறையிற் பலரும் கொள்ளும் விதி. வருடியபின் மூலப்படத்தை எறிந்துவிடலாம் என்று எண்ணுதல் பெரும் பிழை. அமிலமற்ற தாளுறையில் இட்டு, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

இனிப் பொருளைப் பற்றி நோக்குவாம். முதலில் நூறு படங்களை மாத்திரம் செய்து பார்த்து, ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளல் நன்று. படம் ஒன்றுக்கு எடுத்தல், தூசி துடைத்தல், வருடல், பதிதல் எல்லாம் சேர்ந்து 12 நிமிடம் ஆயின், 2,000 படங்களுக்கு 400 மணி. நாளொன்றுக்கு ஐந்து மணி வீதம் 80 நாள். இவ்வாறு கணக்கிட்டுக் கேட்பின் கொடுப்போருக்கும் நம்பிக்கை உண்டாகும். 2004 ஆம் ஆண்டு தொடங்கிய பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டமும் முன்னாய்வுக்கெனத் தனி நிதி வழங்கி வந்துள்ளது. மூலங்கள் தத்தம் நாட்டிலேயே இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. இரண்டும் நாம் பின்பற்றத்தக்கன.

செலவு இருவகைப்படும். வருடி, கணினி, வன்தட்டு, உறைகள் ஆகியன ஒருமுறைச் செலவு. பணியாளர் ஊதியமும், முதியோரிடம் சென்றுவரும் போக்குவரத்தும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வன்தட்டு மாற்றுதலும் தொடர் செலவு. முன்னையதற்குக் கொடையாளர் எளிதிற் கிடைப்பர். இயந்திரத்தின் மேற் பெயர்ப்பலகை பொருத்தலாம் அன்றோ! பட்டியல் எழுதுவோரின் ஊதியத்தின் மேற் பலகை பொருத்த இயலாது. ஆயினும் அவ்வூதியமே திட்டத்தின் உயிர்நாடி. சேரும் பணத்தில் ஒரு பகுதியை நிலையான வைப்பில் இட்டு, அதன் வட்டியைத் தொடர் செலவுக்கு ஒதுக்குதல் தக்கது. ஒவ்வொரு பத்தாண்டுக் காலத்துப் படங்களையும் அக்காலத்து மாணவரே பொறுப்பேற்பாராயின் பொருளும் பெயரும் ஒருங்கே வந்து சேரும். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் இதற்குப் பெருந்துணை ஆகலாம். வரவுசெலவுக் கணக்கை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வீட்டுப் படங்களை இரவல் பெறும்போது பற்றுச்சீட்டுக் கொடுத்து, வெளியிடுதற்கு எழுத்தில் இசைவு பெற்று, குறித்த நாளிற் குறைவின்றித் திருப்பிக் கொடுத்தல் கடன். ஒரு படம் தொலைந்தால் மறுபடத்தை ஒருவரும் தரார்.

பழைய மாணவ அன்பர்களே! பொருள் பின்னர் வரட்டும். இம்மலரை மடித்து வைத்தபின் உங்கள் வீட்டு அல்பத்தைத் திறந்து பாருங்கள். கல்லூரிப் படம் ஒன்று இருப்பின், அதன் பின்புறத்தில் மென்மையான பென்சிலினால், அழுத்தாமல், தெரிந்த பெயர்களை எழுதுங்கள். வழுவழுப்பான தாளாயின் உறையின் மேல் எழுதுங்கள். மாணவர்களே! உங்கள் பாட்டனாரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அடுத்த கிழமை என்று ஒத்திப்போடாதீர்கள். அறுவர் பெயரை இழந்தவன் சொல்லும் சொல் இது. இப்பணி இனிது நிறைவேறக் கலைமகள் திருவருள் துணைநிற்பதாக.