பார்வையற்ற வீரரும் வழிகாட்டியும்

நீந்தி முடித்ததும் சைக்கிள், சைக்கிளை விட்டதும் ஓட்டம் என மூன்று பிரிவுகளை இடைவிடாது முடிக்க வேண்டிய விளையாட்டு டிரையத்லான். கண் பார்வை உள்ளவர்களுக்கே கடினமான இப்போட்டியில், பார்வையை முற்றிலும் இழந்த ஒருவர் எவ்வாறு பங்கு கொள்ள இயலும் என்ற ஐயம் எழுவது இயல்பே. 2021 ஆகஸ்டு 28 அன்று டோக்கியோ நகரின் ஒடைபா கடற்பூங்காவில் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டி இதற்கு விடையளித்தது. பார்வைக் குறைபாடு உடையோருக்கான ஆடவர் பிரிவில் அமெரிக்காவின் பிராட் ஸ்னைடர் 1 மணி 1 நிமிடம் 16 விநாடியில் முதலிடம் பெற்றார். ஒலிம்பிக், பாராலிம்பிக் ஆகிய இரண்டிலுமாக, டிரையத்லானில் தங்கப் பதக்கம் வென்ற முதல் அமெரிக்க ஆடவர் அவரே. அன்று தொடக்கம் முதல் முடிவு வரை அவரோடு இருந்தவர் வழிகாட்டி கிரெக் பில்லிங்டன். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் இதே விளையாட்டில் தம் நாட்டுக்காகப் போட்டியிட்டவர் அவர்.

போர்க்களத்திலிருந்து நீச்சல் குளத்திற்கு

ஸ்னைடர் 1984இல் பிறந்தவர். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பயின்றபோது அதன் நீச்சல் அணிக்குத் தலைமை தாங்கினார். 2006இல் பட்டம் பெற்றபின், வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பிரிவில் அதிகாரியானார். 2011 செப்டம்பர் 7 அன்று ஆப்கானிஸ்தானில், குண்டு வெடிப்பில் சிக்கியவர்களுக்கு உதவச் சென்றபோது, புதைத்து வைக்கப்பட்டிருந்த மற்றொரு வெடிகுண்டு வெடித்தது. உயிர் பிழைத்தார், கைகால்களும் தப்பின, இரு கண்களின் பார்வையும் போயிற்று.

மறுவாழ்வுப் பயிற்சியின்போது அவர் மீண்டும் தண்ணீரில் இறங்கினார். 2012ஆம் ஆண்டு லண்டன் பாராலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களும் ஒரு வெள்ளிப் பதக்கமும் பெற்றார். அவற்றுள் 400 மீட்டர் நீச்சலுக்கான தங்கத்தை அவர் வென்ற நாள் 2012 செப்டம்பர் 7. பார்வையிழந்து சரியாக ஓராண்டு நிறைவுற்ற நாள் அது. 2016இல் ரியோவில் மேலும் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். 2018இல் டிரையத்லானுக்கு மாறினார்.

துணையின் அளவு

இந்த மாற்றம் பெரிது. குளத்தில் நீந்தும் பார்வையற்ற வீரர் பெரும்பாலும் தனியாகவே இயங்குகிறார். தடத்தைப் பிரிக்கும் கயிறு பக்கவாட்டில் திசை காட்டுகிறது. கைவீச்சுகளை எண்ணித் தூரத்தைக் கணித்துக் கொள்கிறார். சுவரை நெருங்கும்போது, கரையில் நிற்கும் உதவியாளர், நுனியில் மென்பொருள் சுற்றிய கோலால் உடலில் தட்டி எச்சரிக்கிறார். அனைவரும் சம நிலையில் போட்டியிடும் பொருட்டு, முற்றிலும் பார்வையற்றோருக்கான நீச்சல் பிரிவில் ஒளி புகாத கண்ணாடி அணிவதும் கட்டாயம். ஆக, குளத்தில் தேவைப்படும் துணை கணப்பொழுதுத் துணையே. டிரையத்லானிலோ முழு நேரத் துணை வேண்டும்.

பாராலிம்பிக் டிரையத்லானின் அளவு 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். திறந்த நீரில் தடக்கயிறும் இல்லை, சுவரும் இல்லை. எனவே வீரரும் வழிகாட்டியும் நெகிழும் கயிற்றால் தம்மைப் பிணைத்துக் கொண்டு அருகருகே நீந்துகின்றனர். திசை திரும்ப வேண்டிய மிதவை வந்ததை நீருக்குள் சொல்லால் உணர்த்த இயலாது. கயிற்றின் இழுவையும் தோள் தொடுதலும் அங்கே மொழியாகின்றன.

கரையேறியதும் இருவர் மிதிக்கும் சைக்கிள். முன் இருக்கையில் வழிகாட்டி, பின் இருக்கையில் வீரர். கைப்பிடியைத் திருப்புவதும் தடை போடுவதும் முன்னவர் பொறுப்பு. இருவரின் மிதிகளும் சங்கிலியால் இணைந்தவை ஆதலால் ஒருவர் வேகம் குறைந்தால் மற்றவரும் அதை உடனே உணர்வார். வளைவு வருகிறது, மேடு வருகிறது, மிதிப்பதை நிறுத்துக என முன்னவர் இடைவிடாது அறிவிக்க வேண்டும். பாதையைக் காணாத ஒருவர், தம் உடலின் முழு வேகத்தையும் மற்றொருவரின் கைகளில் ஒப்படைக்கும் கட்டம் இது.

இறுதியில் ஓட்டம். மீண்டும் கயிறு, மீண்டும் குரல். வழிகாட்டி வீரரை இழுத்துச் செல்வதோ தள்ளுவதோ கூடாது. எல்லைக் கோட்டை அவருக்கு முன்பாகக் கடப்பதும் கூடாது. இருவரும் ஒரே நாட்டவராகவும் ஒரே பாலினத்தவராகவும் இருத்தல் வேண்டும். இப்பிரிவில் சிறிதளவு பார்வை உள்ளோரும் போட்டியிடுவதால், முற்றிலும் பார்வையற்றோருக்குக் கணக்கிடப்பட்ட நேர முன்னுரிமை வழங்கப்படுகிறது.

வழிகாட்டி யார்?

வழிகாட்டி, வீரருக்குச் சமமான வேகம் உடையவராக இருந்தால் மட்டும் போதாது. வீரர் மூச்சு வாங்கும் நிலையிலும் தாம் தெளிவாகப் பேசவும், சுற்றிலும் கவனிக்கவும், முடிவெடுக்கவும் அவருக்கு ஆற்றல் மிஞ்சியிருக்க வேண்டும். சர்வதேச அனுபவம் உள்ளோர் இப்பணிக்கு வருவதன் காரணம் இதுவே. 2016இல் ரியோவில் பார்வைக் குறைபாடு உடைய மகளிர் பிரிவில் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் கேட்டி கெல்லிக்கு வழிகாட்டியாக ஓடிய மிஷெல்லி ஜோன்ஸ், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் டிரையத்லான் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். வெற்றி பெறும்போது வழிகாட்டிக்கும் பதக்கம் அணிவிக்கப்படுகிறது.

வெற்றியைப் போலவே தோல்வியும் பொதுவானது. ஸ்னைடர் வென்ற அதே டோக்கியோ போட்டியில் பிரிட்டனின் டேவ் எல்லிஸ், வழிகாட்டி லூக் போலார்டு இணை, சைக்கிளில் நேர்ந்த இயந்திரக் கோளாற்றால் பாதியிலேயே விலக நேர்ந்தது. பல ஆண்டு உழைப்பு இருவருக்கும் ஒருங்கே வீணாயிற்று. ஆயினும் இணை பிரியவில்லை. 2024இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் இருவருமாகத் தங்கம் வென்றனர்.

இந்தியாவிற்குரிய பாடம்

வழிகாட்டியோடு ஓடும் முறை இந்தியாவிற்குப் புதிதன்று. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் கலந்து கொண்ட அங்கூர் தாமா, 2023இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுகளில் 1500 மீட்டர், 5000 மீட்டர் ஆகிய இரு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். கர்நாடகத்தின் ரக்ஷிதா ராஜு அதே விளையாட்டுகளில் மகளிர் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்று, 2024இல் பாரிஸ் பாராலிம்பிக்கிலும் ஓடினார். இவர்கள் ஒவ்வொருவரின் அருகிலும், கையில் கயிற்றோடு ஒரு வழிகாட்டி ஓடினார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 30ஆவது பிரிவு, விளையாட்டுகளில் மாற்றுத்திறனாளிகள் முறையாகப் பங்கு கொள்வதற்கு வேண்டிய நடவடிக்கைகளை அரசு எடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. அதைச் செயற்படுத்துவோர் மனத்திற்கொள்ள வேண்டிய எளிய கணக்கு ஒன்று உண்டு. பார்வையற்ற ஓட்ட வீரர் ஒருவர் என்பது, பயணச் சீட்டிலும் பயிற்சி முகாமிலும் உணவுப் படியிலும் இருவர் என்று பொருள்படும். ஒருவருக்கு மட்டும் ஒதுக்கிய நிதி, அவரைப் போட்டிக் களத்தின் வாயில் வரைதான் கொண்டு சேர்க்கும். வழிகாட்டி, போட்டிக்கு முதல் நாள் தேடிப் பிடிக்கக்கூடியவரும் அல்லர். காலடியும் மூச்சும் ஒத்துப்போக நீண்ட காலப் பயிற்சி தேவை. கல்லூரிகளில் நெடுந்தூர ஓட்டத்தில் தேர்ந்த மாணவர்கள் பலர் உள்ளனர். அவர்களுள் பலர் தேசியப் பதக்கத்தை எட்டாமலே களத்தை விட்டு விலகுகின்றனர். அவர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் உரிய அங்கீகாரமும் அளித்தால் இரு தரப்பினருக்கும் பயன் விளையும்.

ஸ்னைடரின் மன உறுதி போற்றத்தக்கதே. எனினும் மன உறுதி மட்டுமே கடலில் திசை காட்டிவிடாது. திறமையுள்ள துணை, ஏற்ற கருவி, தெளிவான விதி ஆகிய மூன்றும் அமைந்தபோதே அவருடைய ஆற்றல் பதக்கமாயிற்று. இம்மூன்றையும் அமைத்துத் தருவது சமுதாயத்தின் கடமை. எஞ்சிய தூரத்தை வீரர் ஓடிக் கடப்பார்.