ஸ்க்ரூஜின் கணக்குப் புத்தகம்: எந்த ‘கிறிஸ்துமஸ் கேரல்’ படத்தை முதலில் பார்க்கலாம்?

டிசம்பர் பிறந்தாலே ஓ.டி.டி. தளங்களின் முகப்பில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்துவிடுவார். பெயர் எபனேசர் ஸ்க்ரூஜ். கையில் காசு இருந்தும் கரிக்குக்கூடக் கணக்குப் பார்க்கும் ஆள். கிறிஸ்துமஸ் என்றாலே எரிச்சல். செத்துப்போன பார்ட்னர் மார்லியின் ஆவி முதலில் வரும். அப்புறம் கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று ஆவிகள். ஒரே ராத்திரியில் உலுக்கி எடுக்க, காலையில் வேறு ஆளாக எழுந்திருப்பார்.

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ வெளியானது 1843 டிசம்பர் 19-ல். ஐந்தே நாளில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள், 6,000 பிரதிகளும் காலி. அடுத்த பிப்ரவரிக்குள் லண்டனில் 8 நாடகங்கள் மேடையேறிவிட்டன. 1901-ல் ஆர்.டபிள்யூ.பால் தயாரித்த சில நிமிட ஊமைப் படத்தில் தொடங்கி இன்றுவரை எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். இத்தனையில் எதைப் பார்ப்பது?

‘கஞ்சன் திருந்திய கதை’ என்று இதை ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். தப்பில்லை. ஆனால் மூலக் கதையைக் கையில் எடுத்தால் சம்பளம், கடன், லீவு, அடுப்புக் கரி என்று திரும்பத் திரும்பக் காசுப் பேச்சுதான். ஆகவே இங்கே ஒரே ஒரு அளவுகோல். அந்தக் காசுக் கணக்கை எந்தப் படம் விடாமல் வைத்திருக்கிறது, எது நைசாக முழுங்கிவிட்டது?

ஷூ பாலிஷ் டப்பாவில் லேபிள் ஒட்டிய பையன்

இந்த அளவுகோல் பள்ளிகொண்டா பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் இருக்கும் ஊர். வெளியூர்க்காரர்களுக்கு டோல்கேட்டும், பள்ளிகொண்ட உத்திர ரங்கநாதரும்தான் அடையாளம். ஊர்க்காரர்களுக்கோ சுற்றுவட்டாரப் பிழைப்பு என்றால் தோலும் ஷூவும் பீடியும். ஷிஃப்ட், போனஸ், அட்வான்ஸ், தவணை. இந்த நான்கு வார்த்தை தெரிந்தவருக்கு ஸ்க்ரூஜின் ஆபீஸ் புதிய இடம் இல்லை.

டிக்கன்ஸுக்கும் ஷூவுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1824-ல் அவருடைய அப்பா கடனைக் கட்ட முடியாமல் மார்ஷல்சீ சிறைக்குப் போனார். அப்போது கடன்பட்டவரைப் பிடித்து உள்ளே போடுவதுதான் சட்டம். 12 வயது சார்லஸ் படிப்பை விட்டுவிட்டு, வாரன்ஸ் என்ற பூட் பாலிஷ் கம்பெனியில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டப் போனார். தினம் 10 மணி நேரம், வாரத்துக்கு 6 ஷில்லிங். பெரிய எழுத்தாளரான பிறகும் இதை அவர் வெளியே சொல்லவில்லை. 1870-ல் அவர் இறந்த பிறகு நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் ஊருக்குத் தெரிந்தது.

1843-ல் பிரிட்டனில் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டறிக்கை எழுதுவதாகத்தான் டிக்கன்ஸ் முதலில் நினைத்தார். பிறகு அதை விட்டுவிட்டு, ஆறு வாரத்தில் இந்தக் கதையை எழுதி முடித்தார். அதாவது, பேய்க்கதை வேஷத்தில் வந்த கோபம் இது.

இந்த பெல்ட்டுக்கும் அந்தக் கோபம் அந்நியமல்ல. 1996-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், இந்தியாவின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துப் பீடித் தொழிலும் இருந்தது. பெற்றவர்கள் ஒரு சிறு தொகையை முன்பணமாக வாங்குவார்கள். பையனோ பெண்ணோ போய் உட்கார்ந்து பீடி வேலை செய்ய வேண்டும். கூலி என்று ஏதோ வரும், அசல் மட்டும் குறையாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அறிக்கை வந்தது அதற்கு 20 வருடம் கழித்து. இடைவெளியைக் கவனியுங்கள்.

க்ராட்சிட் சம்பளத்துக்குப் புத்தகம் கட்டுப்படியாகுமா?

ஸ்க்ரூஜிடம் வேலை பார்க்கும் குமாஸ்தா பாப் க்ராட்சிட்டுக்கு வாரச் சம்பளம் 15 ஷில்லிங். 6 பிள்ளைகள். கடைக்குட்டி டிம் ஊன்றுகோலுடன் நடக்கிற பையன். டிக்கன்ஸ் புத்தகத்தின் விலையோ 5 ஷில்லிங். வாரத்துக்கு 6 நாள் வேலை என்று வைத்தால், தன்னைப் பற்றிய கதையை வாங்க க்ராட்சிட் 2 நாள் கூலியைக் கொடுக்க வேண்டும்! (எழுதியவருக்கும் பெரிசாகக் கிடைக்கவில்லை. முதல் பதிப்பில் கைக்கு வந்தது சுமார் 230 பவுண்டு. பைரசி பதிப்பு போட்டவர்கள் மேல் கேஸ் போட்டு ஜெயித்தார். அவர்கள் திவால் நோட்டீஸ் கொடுத்துவிட, கேஸ் செலவு சுமார் 700 பவுண்டும் இவர் தலையில்.)

வருஷத்தில் ஒரு நாள், கிறிஸ்துமஸுக்குச் சம்பளத்துடன் லீவு. அதையும் பிக்பாக்கெட் அடிப்பதுபோலப் பேசுகிறார் ஸ்க்ரூஜ். போனஸ் என்ற பேச்சே இல்லை. நம்மூரில் போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று எழுதிவைத்தது. விசித்திரமான எண்ணாகத் தெரியும். 12-ல் 1 பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம், அவ்வளவுதான். முதலாளி மனம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாதபடி எழுதப்பட்ட கணக்கு அது. க்ராட்சிட்டுக்கு அந்த வசதி இல்லை, பாவம், நாலு ஆவிகள் வர வேண்டியிருந்தது.

படங்கள் முழுங்கும் இரண்டு காட்சிகள்

மூலத்தில் இரண்டு இடங்கள் உண்டு. நிகழ்கால ஆவி தன் அங்கியை விலக்கும்போது அடியில் எலும்பும் தோலுமாக இரண்டு குழந்தைகள் நிற்கும். ஒன்று அறியாமை, இன்னொன்று வறுமை. ஏழைகளுக்குச் சிறை இருக்கிறதே என்று முன்பு ஸ்க்ரூஜ் பேசிய பேச்சை ஆவி அப்படியே அவர் முகத்தில் வீசும். அரசு அறிக்கையில் படித்த பிள்ளைகளைத்தான் டிக்கன்ஸ் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

இன்னொன்று இதைவிடக் கூர்மை. எதிர்காலத்தில், தான் செத்ததற்காக யாராவது உணர்ச்சிவசப்படுகிறார்களா என்று கேட்கிறார் ஸ்க்ரூஜ். ஆவி ஓர் இளம் ஜோடியின் வீட்டைக் காட்டுகிறது. அவரிடம் கடன் வாங்கியவர்கள். அவர் போய்விட்டார் என்ற செய்தி வந்ததும் அவர்களுக்கு நிம்மதி. கடன் வேறு யார் கைக்கு மாறினாலும் இவ்வளவு கொடுமை இருக்காது, அதற்குள் பணமும் புரட்டிவிடலாம் என்ற நிம்மதி. சந்தோஷப்பட்டதற்காக அந்தப் பெண் உடனே கூசவும் செய்கிறாள். தவணை நாளில் கதவு தட்டப்படும் சத்தம் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சிக்கு உரை தேவைப்படாது. குடும்பத்தோடு பார்க்கிற பண்டிகைப் படத்துக்கு இது ஒத்துவராது என்று நினைத்தார்களோ என்னவோ, பல படங்களில் இது காணாமல் போய்விடுகிறது.

சரி, எதைப் பார்க்கலாம்?

1938-ன் எம்.ஜி.எம். படத்தை வேண்டுமானால் கடைசிக்கு வையுங்கள். அங்கிக்குள் இருக்கும் குழந்தைகளைக் காணோம், எல்லாம் சிரிப்பும் சர்க்கரையும். ஒரு இடம் மட்டும் நன்றாக இருக்கும். க்ராட்சிட் எறிந்த பனி உருண்டையில் ஸ்க்ரூஜின் தொப்பி போய்விட, வேலையும் போகிறது, தொப்பிக்கான நஷ்டமும் அவரிடமே வசூல்.

1951-ல் அலஸ்டேர் சிம் நடித்த ‘ஸ்க்ரூஜ்’ பலருக்கும் நம்பர் ஒன். எனக்கும் நடிப்புக்கு அதுதான். டிக்கன்ஸ் எழுதாத ஒரு பகுதியையும் இதில் சேர்த்தார்கள். ஸ்க்ரூஜ் தன் பழைய முதலாளி ஃபெஸ்ஸிவிக்கின் தொழிலையே விழுங்குகிறார். பிறகு ஒரு கம்பெனியில் மேலதிகாரி கையாடல் செய்து மாட்ட, நஷ்டத்தை ஸ்க்ரூஜும் மார்லியும் ஈடுகட்டுகிறார்கள், பதிலுக்கு 51 சதவீதப் பங்கு. கார்ப்பரேட் டேக்ஓவரை 1951-லேயே எவ்வளவு நிதானமாகக் காட்டியிருக்கிறார்கள் பாருங்கள். ஒரு நல்ல பையன் எப்படி ஸ்க்ரூஜ் ஆகிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எந்தப் படத்திலும் இல்லை.

1970-ன் மியூசிக்கலில் ஆல்பர்ட் ஃபின்னி. கடன் ஜோடி இதில் இல்லை, ஆனால் அந்தக் காட்சியையே ஊர்த் திருவிழாவாக ஊதிவிட்டார்கள். எதிர்காலத்தில் கூட்டம் கூடி ஸ்க்ரூஜுக்கு நன்றி சொல்லிப் பாடுகிறது. தன் நல்ல மனசுக்குத்தான் என்று நினைத்து அவரும் சேர்ந்து ஆடுகிறார். பின்னால் போவது அவருடைய சவப்பெட்டி. பாட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. கொண்டாட்டப் பாட்டு இவ்வளவு குரூரமாக அமைவது அபூர்வம்.

1984-ன் டி.வி. படத்தில் ஜார்ஜ் சி.ஸ்காட். இவர் கஞ்சக் கிழவர் இல்லை, கை தேர்ந்த வியாபாரி. தானியச் சந்தையில் பேரம் பேசும்போது, தாமதித்ததற்காகவே விலையை ஏற்றுகிறார். அங்கியின் அடியில் உள்ள குழந்தைகளும் வருகிறார்கள். 2009-ல் ஜிம் கேரியை வைத்து ராபர்ட் ஜெமெக்கிஸ் எடுத்த அனிமேஷன் படத்திலும் வருகிறார்கள், சின்னப் பிள்ளைகள் பயந்துவிடும் அளவுக்கு.

ஐ.டி. ஆட்களுக்கு 1988-ன் ‘ஸ்க்ரூஜ்ட்’. பில் முர்ரே டி.வி. சேனல் தலைவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒருவரை வேலையை விட்டுத் தூக்குவார். வேண்டியவர்களுக்கு வி.சி.ஆர்., மற்றவர்களுக்கு டவல் என்று பரிசுப் பட்டியல் போடுவார். தீபாவளி ஸ்வீட் பாக்ஸோடு ஆபீஸிலிருந்து திரும்பிய அனுபவம் உள்ளவர்கள் கூடுதலாகச் சிரிப்பார்கள்.

முதலில் பார்க்க? 1992-ன் ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்’. நிஜமாகத்தான் சொல்கிறேன். க்ராட்சிட் ஒரு தவளைப் பொம்மை, கணக்கர்கள் எலிகள். நடுவில் மைக்கேல் கெய்ன், சுற்றிலும் பொம்மைகள் என்ற நினைப்பே இல்லாமல் நடித்திருப்பார். எலிகள் குளிர் தாங்காமல் கூடுதல் கரி கேட்கும். வேலை போய்விடும் என்று மிரட்டியதும் வெயில் கொளுத்துகிறது என்று பாட்டாகவே மாற்றிவிடும். லீவு கேட்கும் தவளையும் கெஞ்சாது. மற்ற கம்பெனிகளெல்லாம் மூடியிருக்கும்போது நாம் மட்டும் திறந்துவைத்தால் கரிதான் நஷ்டம் என்று முதலாளிக்கு அவர் கணக்கிலேயே புரியவைக்கும். வீட்டுக் கடனுக்காகக் கெஞ்ச வருபவர் ஆரம்பத்திலேயே தூக்கி எறியப்படுவார். கடைசியில் க்ராட்சிட்டுக்குச் சம்பள உயர்வோடு வீட்டுக் கடனும் அடைகிறது. அங்கிக்குள் குழந்தைகள் இல்லை, அது ஒரு குறைதான். ஆனால் காசுக் கணக்கில் இந்தப் பொம்மைப் படம் ரொம்ப நேர்மை.

லண்டனில் ஓர் இந்திய ஸ்க்ரூஜ்

2025 நவம்பரில் பிரிட்டனில் வெளியான ‘கிறிஸ்துமஸ் கர்மா’வில் ஸ்க்ரூஜ் ஓர் இந்தியர். பெயர் மிஸ்டர் சூட், நடித்தவர் ‘பிக் பேங் தியரி’ குணால் நய்யார். இயக்கம் ‘பெண்ட் இட் லைக் பெக்கம்’ குரிந்தர் சத்தா. விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடவில்லை. இருந்தாலும் ஒரு விஷயத்துக்காக இதைப் பார்க்கலாம். கடந்த கால ஆவி இவரைக் கூட்டிப்போவது உகாண்டாவுக்கு. 1972-ல் இடி அமின் 90 நாள் கெடு கொடுத்து ஆசியர்களை விரட்டிய காலம். எல்லாம் பறிபோன ஒரு பையனுக்குக் காசு மட்டுமே நம்பிக்கை என்று ஆகிவிடுவது, மூலத்தில் இல்லாத புதிய காரணம்.

நம் பக்கத்தில் இதே சாயலில் ஒரு கதை உண்டே என்று இசைப் பிரியர்கள் கேட்பார்கள். ஆமாம், புரந்தரதாசர். சீனிவாச நாயக்கர் என்ற பெருங்கஞ்சன், ஏழை வேஷத்தில் வந்த கடவுளாலும் மனைவியின் மூக்குத்தியாலும் கண் திறந்து, சொத்தையெல்லாம் விட்டுவிட்டுப் பாடப் போனார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆனால் ஸ்க்ரூஜ் அப்படி எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. பண்டிகை முடிந்த மறுநாள் காலையில் ஆபீஸுக்குத்தான் வருகிறார், அதுவும் சீக்கிரமாக. லேட்டாக வந்த குமாஸ்தாவை முறைப்பதுபோல நடித்து, சம்பளத்தை உயர்த்துகிறார், அடுப்புக்கு இன்னும் கரி போடச் சொல்கிறார். கடை அதே கடை, கணக்குப் புத்தகமும் அதேதான், எழுதப்படும் தொகை மட்டும் வேறு. பள்ளிகொண்டாவை வைத்து யாராவது தமிழில் எடுத்தால், க்ராட்சிட் வீட்டுக்கு அனுப்பும் வான்கோழியை ஆம்பூர் பிரியாணி அண்டாவாக மாற்றிக்கொள்ளலாம். இந்த மறுநாள் காலைக் காட்சியில் மட்டும் கை வைக்கக் கூடாது.

மூலக் கதை காப்புரிமை முடிந்துவிட்ட ஒன்று. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மொத்தம் ஐந்தே அத்தியாயம். ஆங்கிலம் கொஞ்சம் பழசு, ஆனால் படிக்கப் படிக்கப் பழகிவிடும். வேலூர்–ஆம்பூர் பஸ்ஸில் தினம் போய் வருபவர் என்றால், ஒரு வாரத்துக்குள் போனிலேயே முடித்துவிடலாம். அந்தக் கடன்கார ஜோடி வருவது நாலாவது அத்தியாயத்தில்.