டிரினிடாடில் எங்கே சாப்பிடலாம்?

டிரினிடாடில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: காலையில் கடை போட்டதும் க்யூரெப் நாற்சந்திக்குப் போய் நில்லுங்கள். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குக் கிழக்கே இருக்கும் ஊர் அது. வேலைக்குப் போகிறவர்கள், சீருடை போட்ட பிள்ளைகள், காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்றுகொண்டே சாப்பிடுவது ‘டபுள்ஸ்’. மேசை நாற்காலி போட்ட உணவகங்களும் அந்தத் தீவில் நிறைய உண்டு. அங்கே பிறகு போகலாம்.

மஞ்சள் நிறத்தில், உள்ளங்கை அகலத்தில், மெத்தென்ற இரண்டு ‘பாரா’க்கள். ஒன்றின் மேல் ஒன்று பாதி படியும்படி தாளில் வைத்து, நடுவில் ஒரு கரண்டி கொண்டைக்கடலைக் குழம்பு, அதன் மேல் புளிச் சட்னி, துருவிய வெள்ளரி. கடைக்காரர் நிமிராமலே கேட்கும் கேள்வி, மிளகாய் எவ்வளவு என்பது. பழக்கமில்லாதவர்கள் ‘ஸ்லைட்’ என்று சொல்வது நல்லது. உலகிலேயே மிகக் காரமானவை என்று அளந்து பார்க்கப்பட்ட மிளகாய்களில் ஒன்றான மொருகா ஸ்கார்பியன், இந்தத் தீவின் தெற்கே உள்ள மொருகாவின் பெயரைத் தாங்கியது. பதில் சொல்லி முடிப்பதற்குள் தாளின் இரு முனைகளும் முறுக்கப்பட்டுப் பொட்டலம் கைக்கு வந்துவிடும்.

இந்தப் பாராவில்தான் கைத்திறன் இருக்கிறது. மைதா, மஞ்சள்தூள், சீரகம், ஈஸ்ட் சேர்த்து, கையில் ஒட்டுமளவுக்குத் தளர்வாகப் பிசைகிறார்கள். மாவு பொங்கியதும் சிறு உருண்டைகளாக்கி மறுபடியும் ஊறவிடுகிறார்கள். பிசையும்போது இறுகிய குளூட்டன் அந்த நேரத்தில் நெகிழ்ந்துவிடும். அதனால் குழவி தேவைப்படாது, எண்ணெய் தொட்ட விரல்களால் தட்டினாலே பரவும். நன்கு காய்ந்த எண்ணெயில் சில நொடிகள்தான். சிவக்கும் முன்பே எடுத்துத் துணியில் அடுக்கி மூடிவிடுகிறார்கள். உள்ளிருக்கும் ஆவி வெளியேற வழியில்லாமல் பாராவையே மிருதுவாக்குகிறது. பொரித்த பண்டம் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும் என்ற நம் எதிர்பார்ப்பு இங்கே செல்லாது. மொறுமொறுத்தால் மடிக்க வராது, குழம்பை ஏந்தாது.

குழம்புக்கு இரவே கடலையை ஊறவைக்கிறார்கள். மசாலாத் தூளைத் தண்ணீரில் குழைத்துக் காய்ந்த எண்ணெயில் விட்டுக் கெட்டியாகும்வரை வதக்குவது டிரினிடாட் பக்குவம். தண்ணீர் இருப்பதால் தூள் சட்டென்று கருகாது. அது வற்ற வற்ற வாசனை எண்ணெயில் இறங்கும். கொத்தமல்லிக்குப் பதிலாக ‘ஷேடோ பெனி’ என்ற நீண்ட, ஓரம் பல்வெட்டிய இலை சேர்கிறது. கொத்தமல்லிக் குடும்பத்துச் செடியான இது அமெரிக்க வெப்பமண்டலத்துக்கே உரியது. கொத்தமல்லி சீக்கிரம் பூத்துப் போய்விடும் வெக்கையில் இது தழைத்து நிற்கும். கொதித்தாலும் வாசம் எளிதில் போகாது.

1936இல் பிரின்சஸ் டவுனில் எமாமூல் தீன், ரசூலன் தம்பதியர் தொடங்கிய வியாபாரம்தான் டபுள்ஸ். முதலில் ஒற்றைப் பாராவில் கடலை வைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் இரண்டாகக் கேட்கவே, இன்றைய வடிவம் வந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் முன்பு, 1845 மே 30 அன்று, ‘ஃபட்டல் ரசாக்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. 1917 வரை 1,40,000 பேருக்கும் மேல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் போஜ்பூரி பேசும் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களும் உண்டு. போர்ட் ஆஃப் ஸ்பெயினின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் இன்றும் ஒரு மெட்ராஸ் தெரு இருக்கிறது. அதே செயின்ட் ஜேம்ஸின் பிரதான சாலையில் நள்ளிரவிலும் சூடாகச் சாப்பிடக் கிடைக்கும்.

மதியத்துக்கு ரொட்டிக் கடை. அரைத்த பட்டாணிப் பருப்பைப் பூரணமாக வைத்துத் தேய்த்த தால்பூரியில் ஆட்டுக்கறியையோ உருளைக்கிழங்கையோ மடித்துத் தருவார்கள். ‘பஸ் அப் ஷட்’ என்று கேட்டால், கல்லில் வெந்த பரோட்டாவை மரத் தட்டைகளால் அடித்துக் கந்தலாக்கித் தருவார்கள். நம் ஊரில் அடுக்கி வைத்துக் கையால் அடிக்கும் பரோட்டாவின் சகோதரம் அது. தெற்கே போகிறவர்கள் டெபே சாலையோரக் கடைகளில் வண்டியை நிறுத்தலாம். சேப்பங்கிழங்கு இலையும் பருப்பு மாவும் சேர்த்துப் பொரித்த சஹீனா அங்கே கிடைக்கும்.

இந்தியச் சாயலை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் தீவின் மறுபாதி தப்பிவிடும். எண்ணெயில் சர்க்கரையைப் போட்டு, உருகி, நுரைத்து, அடர்பழுப்பாகும் தருணத்தில் கோழித் துண்டுகளைப் போடுகிறார்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் கசந்துவிடும். பிறகு அரிசி, பச்சைத் துவரை, தேங்காய்ப்பால். இதுதான் ‘பிலாவ்’, சர்க்கரையைக் கருக்கும் இந்தப் பக்குவத்தை ஆப்பிரிக்க வழி வந்தவர்களின் சமையல் என்றே சொல்கிறார்கள். சேப்பங்கீரையும் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலில் குழைய வெந்த ‘கலலூ’வை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பார்க்கலாம். கூழ் போன்ற அந்தப் பதத்தை வெண்டைக்காயின் வழவழப்பே தருகிறது.

மலைப்பாதையைத் தாண்டி மராக்காஸ் கடற்கரைக்குப் போனால், பொரித்த ரொட்டிக்குள் சுறாமீன் வைத்த ‘பேக் அண்ட் ஷார்க்’. சுவையில் குறையில்லை. ஆனாலும் நான் வேறு மீன் கேட்கத்தான் சொல்வேன். சுறாக்கள் தாமதமாகப் பருவமடைந்து குறைவாகவே குட்டி போடும். பிடித்த வேகத்துக்கு அவற்றால் பெருக முடியாது. நம் வஞ்சிரத்தின் உறவான கிங்ஃபிஷ் கிடைத்தால் அதே ரொட்டியில் வைத்துத் தரச் சொல்லலாம்.

வெளிநாட்டுச் சாப்பாடு வேண்டுமென்றால் தலைநகரின் வுட்புரூக் பகுதியில் ஆரியபிட்டா அவென்யூ. மாலையில் அந்தச் சாலை முழுக்க உணவகங்களும் மதுக்கூடங்களும் விழித்துக்கொள்ளும். ஆனால் இங்கே வெளிநாடு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சீனர்கள் 1806இலேயே வந்திறங்கியவர்கள். அவர்களுடைய பொரித்த கோழி இன்று தீவின் மிளகாய்ச் சாஸ் இல்லாமல் தட்டுக்கு வருவதில்லை. சிரியாவிலிருந்தும் லெபனானிலிருந்தும் வந்த குடும்பங்களின் சமையலும் ஊரோடு கலந்துவிட்டது. ‘ஜைரோ’வைத் தெருவோரத்திலேயே வாங்கலாம். குயின்ஸ் பார்க் சவான்னா திடலைச் சுற்றி இளநீரும், பட்டாணிப் பருப்பில் வெந்த சோளக்கதிர் சூப்பும் விற்கிறார்கள்.

துணைத் தீவான டொபாகோவுக்குப் போகிறவர்கள் கடைசி மதியச் சாப்பாட்டை ஸ்டோர் பே கடற்கரைக்கு ஒதுக்கி வைக்கலாம். ஓடோடு உடைத்துப் போட்ட நண்டுக் குழம்பும், அதை உறிஞ்சிக்கொள்ளும் தடித்த மாவுருண்டைகளும் அங்கே கிடைக்கும். கைகளால்தான் சாப்பிட வேண்டும், அவசரப்படவும் கூடாது. விமான நிலையம் அங்கிருந்து நடந்தே போகும் தூரம்தான்.